சப் அவுட் இல்லாத ஸ்டீரியோ ரிசீவர்ல சப்வூஃபர் கொடுக்கிறது எப்படி?

திருநகர்_ராகம்:
வணக்கம். வீட்ல இருக்கிறது சாதா ரெண்டு சேனல் ரிசீவர், 8 ஓமுக்கு சேனலுக்கு 50 வாட். பின்னாடி ஸ்பீக்கர் ஏ, ஸ்பீக்கர் பி, ஒரு ரெக் அவுட் (ரெக்கார்டிங்குக்குப் போற அவுட்). அவ்வளவுதான். சப் அவுட்டும் கிடையாது, ப்ரீ அவுட்டும் (தனி ஆம்புக்குப் போற சின்ன சிக்னல்) கிடையாது. ஸ்பீக்கர், ஐந்தேகால் இன்ச் வூஃபர் வச்ச புக்ஷெல்ஃப்.

இப்ப 10 இன்ச் ஆக்டிவ் சப்வூஃபர் (உள்ளேயே ஆம்ப் இருக்கிற பேஸ் ஸ்பீக்கர்) ஒண்ணு கைக்கு வந்திருக்கு. அதோட முதுகுல லைன் இன் எல், ஆர் ரெண்டு ஓட்டை. ஆர் மேல எல்எஃப்இன்னும் (ஹோம் தியேட்டர் பேஸ் சேனல்) போட்டிருக்கு. ஹை லெவல் இன்னு சிவப்பு கறுப்பா நாலு கிளிப். கிராஸ்ஓவர் (சப் எந்த ஹெர்ட்ஸ் வரைக்கும் வாசிக்கணும்னு வைக்கிறது) 50-150 ஹெர்ட்ஸ், ஃபேஸ் (அலையைத் திருப்பிப் போடுறது) 0/180, ஆட்டோ/ஆன் சுவிட்ச். ரெக் அவுட்ல இருந்து ஆர்சிஏ வயர் இழுத்துட்டா போதுமா? கடையில ஒருத்தர் கன்வெர்ட்டர் வாங்கச் சொல்றாரு, இன்னொருத்தர் ரிசீவரையே மாத்தச் சொல்றாரு. ஹால் 12க்கு 10 அடி, கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை.

வடகரை_வால்யூம்:
ரெக் அவுட் சரிப்படாது. அது வால்யூம் கன்ட்ரோலுக்கு முன்னாடியே பிரியுற சிக்னல். நீங்க வால்யூமைக் குறைச்சா ஸ்பீக்கர் மட்டும் குறையும், சப் அதே சத்தத்துல இடிச்சுக்கிட்டே இருக்கும். ஹெட்ஃபோன் ஜாக் வால்யூமுக்குக் கட்டுப்படும், ஆனா பின்னைச் செருகினதும் பெரும்பாலான ரிசீவர்ல ஸ்பீக்கர் கட் ஆயிடும்.

இதுக்கு ரிசீவர் முதுகைவிட சப் முதுகைத்தான் முதல்ல பார்க்கணும். உங்க சப்ல ஹை லெவல் இன் இருக்கு, பிறகென்ன? கன்வெர்ட்டரும் வேண்டாம், புது ரிசீவரும் வேண்டாம். ஸ்பீக்கருக்குப் போற சிக்னலையே அந்த கிளிப் வாங்கிக்கும். அதோட இன்புட் இம்பீடன்ஸ் (மின்தடை) ஆயிரக்கணக்கான ஓம், அதனால ஆம்ப்ளிஃபயருக்கு லோடே தெரியாது. கரன்ட் ஓடாததால தடி வயரும் தேவையில்ல, 14/76 (14 இழை வயர்) தாராளம். ஸ்பீக்கருக்குத்தான் 40/76 (40 இழை) போடணும்.

ரெண்டு செட்டோட பிளக்கையும் கழட்டிடுங்க, சுவிட்சை மட்டும் அணைச்சா போதாது. ஏ டெர்மினல்ல இருக்கிற ஸ்பீக்கர் வயரோட கூடவே சப் வயரையும் சேர்க்கணும்: சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு, ரெண்டு சேனலும். 10 மில்லிமீட்டர் மட்டும் உரிச்சு, ரெண்டு வயர் இழைகளையும் ஒண்ணா முறுக்கி உள்ள விடுங்க. பின் லக் அடிச்சா இன்னும் நல்லது. ஒரு இழை பிரிஞ்சு பக்கத்து டெர்மினலைத் தொட்டாலும் செட் ப்ரொட்டெக்ஷனுக்குப் போயிடும். ப்ரொட்டெக்ஷன் இல்லாத செட்னா அவுட்புட் ட்ரான்சிஸ்டரே போயிடும்.

சப்ல ஆட்டோ வேண்டாம், ஆன்ல வைங்க. ராத்திரி சத்தம் கம்மியா வச்சுக் கேட்கும்போது ஆட்டோவுக்கு சிக்னல் பத்தாம சப் பாட்டு நடுவுலயே தூங்கிடும்.

கீழவாசல்_ஈயப்பத்து:
அண்ணன் சொன்னது சரி. ஆர்சிஏ மட்டும் இருக்கிற சப் வச்சிருக்கவங்களும் இதைப் படிப்பாங்க, அவங்களுக்காக ரெண்டு வார்த்தை.

கார் ஆடியோ கடையில கிடைக்கிற ஹை-லோ கன்வெர்ட்டர் (ஸ்பீக்கர் சிக்னலை லைன் அளவுக்கு இறக்குறது) வேலைக்கு ஆகும். மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கடையில ரெசிஸ்டர் வாங்கி நீங்களே செய்யவும் செய்யலாம். ஒவ்வொரு சேனலுக்கும் ஸ்பீக்கர் சிவப்புல இருந்து சீரீஸ்ல 10 கிலோ ஓம், அங்கிருந்து கறுப்புக்கு 1 கிலோ ஓம். ரெண்டும் சேர்ற இடம் ஆர்சிஏ நடுப்பின், கறுப்பு வெளி வளையம். 8 ஓம்ல 50 வாட்டுன்னா 20 வோல்ட்; அது 11ல ஒரு பங்கா இறங்கி 1.8 வோல்ட் சொச்சம் வரும், சப்புக்குச் சரியான அளவு. கால் வாட் ரெசிஸ்டர் போதும்.

ஆனா கறுப்பு டெர்மினல் கிரவுண்டான்னு பார்க்காம இதைச் செய்யாதீங்க. பிளக்கைக் கழட்டிட்டு, மீட்டரை பஸ்ஸர்ல வச்சு லெஃப்ட் கறுப்பையும் ரைட் கறுப்பையும் தொடுங்க, பிறகு கறுப்பையும் ஆர்சிஏ வெளி வளையத்தையும் தொடுங்க. ரெண்டு தடவையும் சத்தம் வந்தா சாதா ஆம்ப், பயமில்ல. வரலைன்னா அது பிரிட்ஜ் டைப். இப்ப வர்ற சின்ன கிளாஸ் டி ஆம்ப் நிறைய அப்படித்தான், கறுப்புலயும் சிக்னல் ஓடும். அதைக் கொண்டுபோய் கிரவுண்ட்ல சேர்த்தா ஐசி அப்பவே காலி. அதுக்கு உள்ள ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்கிற கன்வெர்ட்டர்தான் போடணும்.

ஒத்த ஓட்டை மட்டும் இருக்கிற சப்புக்கு லெஃப்ட்டையும் ரைட்டையும் ஒய் வயர் போட்டு நேரா முடிச்சுப் போடாதீங்க. ப்ரீ அவுட்ல இருந்து எடுத்தா மெயின் ஸ்பீக்கரும் சேர்ந்து மோனோ ஆயிடும். ஒவ்வொண்ணுலயும் 1 கிலோ ஓம் வச்சு சேருங்க. எல்எஃப்இ ஓட்டை பல சப்ல உள்ளே இருக்கிற கிராஸ்ஓவரைத் தாண்டிப் போயிடும். அதுல கொடுத்தா பாடுறவர் குரலும் சப்லயே வரும்.

மேலூர்_பேஸ்:
இடையில கேக்குறதுக்கு மன்னிக்கணும். எங்கிட்ட இருக்கிறது பழைய 5.1 செட்டோட சப். உள்ள ஆம்ப் எதுவும் இல்ல, ரெண்டு வயர் மட்டும் வருது, 4 ஓம்னு போட்டிருக்கு. ஸ்பீக்கர் பி-ல நேரா கொடுக்கலாமா?

கீழவாசல்_ஈயப்பத்து:
கொடுக்கக் கூடாது தம்பி. 8 ஓம் ஸ்பீக்கரோட 4 ஓம் பேரலல்ல விழுந்தா 2.7 ஓம் கிட்ட வந்துரும், ரிசீவர் கொதிக்கும். சப்புக்குப் பாட்டு முழுசும் வேற போகும். தனி ஆம்ப்தான் வழி: 4558 ஐசி வச்ச சப் ஃபில்டர் போர்டு (பேஸை மட்டும் பிரிக்கிறது) ஒண்ணு, டிடிஏ 7294 மோனோ ஆம்ப் போர்டு ஒண்ணு. 4 ஓமுக்கு 18-0-18 ட்ரான்ஸ்ஃபார்மர், 5 ஆம்ப். கடைக்காரர் 24-0-24 கொடுத்தா வாங்காதீங்க. அது 34 வோல்ட் டிசி ஆயிடும், 8 ஓமுக்குத்தான் அது லாயக்கு. ஃபில்டர் போர்டுக்கு 12-0-12, 500 மில்லி ஆம்ப் தனியா. போர்டுல 7812, 7912 (வோல்டேஜ் ரெகுலேட்டர் ஐசி) இருக்கான்னு பார்த்து வாங்குங்க. ஹீட் சிங்க்ல கஞ்சத்தனம் வேண்டாம். 7294 முதுகுத் தகட்டுல மைனஸ் சப்ளை இருக்கும், மைக்கா ஷீட் வைக்காம கேபினட்ல முடுக்கினா ஷார்ட்தான்.

திருநகர்_ராகம்:
நன்றிண்ணே. ஏ கிளிப்ல ரெண்டு வயர் நுழையல, அதனால சப்பை பி-ல கொடுத்தேன். ஏ+பி அமுக்கினா ஸ்பீக்கர்ல சத்தம் கிட்டத்தட்ட நின்னே போச்சு. பி மட்டும் போட்டா சப் நல்லா வருது. இன்னொண்ணு, பாட்டு இல்லாதப்பவும் லேசா ஒரு 'ம்ம்ம்' இரைச்சல் இருக்கு.

வடகரை_வால்யூம்:
முதல் கோளாறுக்குக் காரணம், உங்க ரிசீவர் ஏ+பி போட்டா ரெண்டையும் சீரீஸ்ல இணைக்குது. ரெண்டு ஜோடி 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினாலும் ஆம்ப் தப்பிக்கட்டும்னு விலை குறைஞ்ச மாடல்கள்ல அப்படிச் செய்வாங்க. சப்போட ஆயிரக்கணக்கான ஓம் ஸ்பீக்கர் பாதையில குறுக்க நின்னா கரன்ட் எங்கிட்டுப் போகும்? செட்டுல பழுது ஒண்ணும் இல்ல. சப் வயரை ஏ-க்கே கொண்டு வாங்க. கிளிப்ல இடமில்லைன்னா ஸ்பீக்கர் பின்பக்க டெர்மினல்ல இருந்து எடுத்துக்கலாம், மின்சாரத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

இரைச்சலுக்கு, சப்ல போற சிக்னல் வயர் எல்லாத்தையும் கழட்டிட்டுக் கேளுங்க. அப்பவும் இருந்தா சப் உள்ளேயே ஃபில்டர் கண்டென்சர் பலவீனம், மெக்கானிக்கிட்டதான் போகணும். நின்னுட்டா எர்த் லூப் (ரெண்டு வழியா எர்த் சேர்றதால வர்ற இரைச்சல்). ரிசீவர், டிவி, சப் மூணையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுக்கு மாத்துங்க. அதுக்கும் மசியலைன்னா டிவி செட்டாப் பாக்ஸுக்கு வர்ற கேபிளைத் திருகிக் கழட்டிப் பாருங்க. தெருக் கம்பத்துல இருந்து வர்ற அந்த வயரோட வெளிப்பின்னல்தான் பல வீட்ல குற்றவாளி. மூணாவது பின்னை வெட்டிவிடுற வைத்தியத்தை யார் சொன்னாலும் கேக்காதீங்க. இரைச்சல் போகும், ஷாக் வரும்.

கரன்ட் போன நேரத்துல மட்டும் இரைச்சல்னா அது இன்வெர்ட்டர். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்ல எந்த சப்பும் முனகத்தான் செய்யும்.

திருப்பரங்குன்றம்_ட்யூனிங்:
வயர் வேலை முடிஞ்சதும் ட்யூனிங்குக்கு வாங்க, உங்க ஹாலுக்கு அதுதான் பெரிய வேலை. 12 அடி நீளத்துக்கு 48 ஹெர்ட்ஸ் பக்கமும், 10 அடி அகலத்துக்கு 57 பக்கமும் அறையே ஒத்து முழங்கும். கான்கிரீட் சுவரும் டைல்ஸும் அதைக் கொஞ்சமும் உறிஞ்சாது. மூலையில சப்பை வச்சா சத்தம் பெருசாத்தான் வரும், ஆனா எல்லாப் பாட்டும் ஒரே 'டொம்'முன்னு கேட்கும். அதனால சப்பை நீங்க உட்கார்ற நாற்காலி இருக்கிற இடத்துல வச்சுப் பாட்டைப் போட்டுட்டு, சுவரோரமா குனிஞ்சு காதைக் கொண்டு போங்க. எங்க பேஸ் தெளிவா, வீங்காம கேட்குதோ அங்க சப்பை வைங்க.

உங்க ரிசீவர் ஸ்பீக்கருக்கு முழுப் பாட்டையும் அனுப்பும், பேஸைப் பிரிச்சு அனுப்பாது. அதனால ஸ்பீக்கர் எங்க ஓயுதோ அங்கதான் சப் தொடங்கணும். ஐந்தேகால் இன்ச்சுக்கு கிராஸ்ஓவரை 70ல ஆரம்பிங்க, சப் வால்யூமை மூணுல ஒரு பங்குல வைங்க. டிவியில செய்தி வாசிக்கிறதைப் போடுங்க: வாசிக்கிறவர் குரல் சப் பக்கம் இருந்து வந்தா கிராஸ்ஓவர் அதிகம், 60க்கு இறக்குங்க. ஃபேஸுக்கு மொபைல் டோன் ஆப்ல 70 ஹெர்ட்ஸைக் கம்மி சத்தத்துல ஓட விட்டு, நீங்க நாற்காலியில இருக்க, இன்னொருத்தரை 0/180 சுவிட்சைத் தட்டச் சொல்லுங்க. எதுல சத்தம் கூடுதோ அதுலயே விட்ருங்க. டோனை ரொம்ப நேரம் ஓட்டாதீங்க, காயில் சூடாகும்.

அதே ஆப்ல 30ல இருந்து 100 வரைக்கும் மெதுவா ஏத்திக்கிட்டே வந்தா ஹால்ல எதெல்லாம் அதிருதுன்னும் தெரியும். பீரோ கைப்பிடி, ஷோகேஸ் கண்ணாடி, ஜன்னல் கொண்டி. சப் கிழிஞ்சிருச்சுன்னு மெக்கானிக்கிட்ட தூக்கிட்டு வர்ற கேஸ்ல நிறைய இந்தக் கொண்டிதான். கண்ணாடி ஓரத்துல ரப்பர் பீடிங், பீரோ கதவு இடுக்குல மடிச்ச துணி வச்சா அடங்கிடும். கீழ் வீட்ல ஆள் குடியிருந்தா சப் கால் நாலுக்கும் அடியில தடிச்ச ரப்பர் ஷீட் வெட்டி வைங்க.