சின்ன நகரத்தில் இத்தனை பெரிய திருட்டு இருபது வருடம் யார் கண்ணிலும் படாமல் போனது எப்படி?

தெருவிளக்கு:

இரண்டு வாரமாக டிக்ஸன் நகராட்சி விவகாரத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன், மனசு ஆறவே இல்லை. கேள்விப்படாதவர்களுக்காக முதலில் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் சுமார் 16,000 பேர் வாழும் சின்ன நகரம் டிக்ஸன், ரொனால்ட் ரீகன் சிறுவயதில் வளர்ந்த ஊர். அங்கே நகராட்சியின் வரவு செலவு முழுவதையும் கவனித்துவந்த ரீட்டா கிரண்ட்வெல் என்ற அதிகாரி 1990 டிசம்பரில் நகராட்சியின் பெயரிலேயே வங்கியில் ஒரு கணக்கைத் தொடங்கினார். அது இருப்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். 2012 ஏப்ரலில் கைதாகும்வரை அதன் வழியாக அவர் எடுத்த தொகை 5.37 கோடி டாலர். கைக்குழந்தைகளையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் தலைக்கு மூவாயிரம் டாலருக்கு மேல் வருகிறது. அந்தப் பணத்தில்தான் போட்டிக் குதிரைகள் வளர்த்தார். ஏலத்துக்கு வந்தபோது குதிரைகள் மட்டும் சுமார் 400. இத்தனைக்கும் அவருடைய சம்பளம் வருடத்துக்கு 80,000 டாலர் அளவுதான்.

அதே வருடங்களில் அந்த ஊரில் சாலை போடக் காசில்லை, ஊழியர்களுக்குச் சம்பள உயர்வு கிடையாது. ஏன் பற்றாக்குறை என்று கவுன்சில் கேட்டால் மாநில அரசிடமிருந்து வரவேண்டிய வரிப்பங்கு தாமதமாகிறது என்று பதில் சொல்வாராம், அதை எல்லோரும் நம்பியிருக்கிறார்கள். வருடா வருடம் தணிக்கையும் நடந்திருக்கிறது, தணிக்கையாளர் கையெழுத்தும் விழுந்திருக்கிறது.

என் கேள்வி இதுதான். ஊர் சின்னது என்பதால்தான் இது நடந்ததா? சின்ன ஊரில் எல்லோரும் எல்லோரையும் அறிவார்கள், அதனால் திருட்டு சீக்கிரம் வெளியே வரும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்புறம், கவுன்சிலை மாற்றி ஓட்டுப் போடுவது மட்டும் இதற்கு மருந்தாகுமா? அந்த இருபது வருடத்தில் தேர்தல்கள் நடந்துகொண்டுதானே இருந்தன.


பேரேடு:

நான் தணிக்கை வேலையில் முப்பது வருடம் இருந்தவன், அந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பதைச் சொல்கிறேன்.

ஊர் சின்னது என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி, எல்லா வேலையும் ஒரே கையில் இருந்தது. பணத்தை வாங்குபவர், செக்கில் கையெழுத்துப் போடுபவர், பேரேட்டில் எழுதுபவர், மாதக் கடைசியில் வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர், இந்த நான்கும் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும். இதுதான் கணக்குத் துறையின் முதல் பாடம். பெரிய மாநகராட்சியில் ஆள் இருப்பதால் இது தானாகவே நடந்துவிடும். சின்ன நகராட்சியில் அலுவலகமே ஐந்தாறு பேர். கெட்டிக்காரியான, முப்பது வருட அனுபவமுள்ள ஓர் அம்மா எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொண்டு செய்கிறார் என்றால் மற்றவர்களுக்கு நிம்மதிதான். டிக்ஸனில் தபால்கூட அவர் கைக்குத்தான் போகும். அவர் ஊரில் இல்லாத நாட்களில் அவருடைய உறவினர் போய் எடுத்துவந்திருக்கிறார். வங்கியிலிருந்து வரும் தாள் வேறு யார் கண்ணிலும் படக்கூடாது என்பதற்குத்தான் இவ்வளவும்.

திருட்டு நடந்த விதத்தில் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் கிடையாது. மாநில அரசு அனுப்பியதுபோலப் போலி பில் தயார் செய்வார், மொத்தம் 179 பில்கள். அதற்கு நகராட்சியின் உண்மையான கணக்கிலிருந்து 'பொருளாளர்' என்று பெயர் போட்டு செக் எழுதுவார், அதைக் கொண்டுபோய் அந்த ரகசியக் கணக்கில் கட்டுவார். அந்தக் கணக்குக்குக் கழிவுநீர்த் திட்ட ஒதுக்கீடு என்பதுபோல ஒரு பெயர் வைத்திருந்ததால் பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வராது. ஆனால் தணிக்கையாளர் ஒரே ஒரு பில்லை எடுத்துக்கொண்டு அனுப்பியவருக்கு ஒரு போன் போட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். என் தொழிலைச் செய்தவர்கள் அதைச் செய்யவில்லை என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது. பிறகு நகராட்சி வழக்குப் போட்டு, தணிக்கை செய்தவர்களும் வங்கியும் சேர்ந்து 2013ல் 4 கோடி டாலர் தருவதாக ஒத்துக்கொண்டார்கள்.

எப்படிப் பிடிபட்டார் என்பதைக் கவனியுங்கள். 2011ல் அவர் நீண்ட விடுப்பில் போனார். அவருடைய இடத்தில் வேலை பார்த்த நகர எழுத்தர், மாதக் கணக்கை முடிப்பதற்காக வங்கியிடம் நகராட்சிப் பெயரில் உள்ள எல்லாக் கணக்குகளின் விவரமும் வேண்டும் என்று கேட்டார். வந்த தாள்களில் அவர் அதுவரை பார்த்தே இராத ஒரு கணக்கு இருந்தது. அதை நேராக மேயரிடம் கொண்டுபோனார், மேயர் எஃப்பிஐயிடம் போனார். அதற்கப்புறம் கைதாகும்வரை கிட்டத்தட்ட ஆறு மாதம் அந்த இருவரும் ஒன்றும் தெரியாததுபோல அவரோடு அதே கட்டடத்தில் வேலை பார்த்திருக்கிறார்கள். எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். வங்கிகளில் பொறுப்பான இடத்தில் இருப்பவர்கள் வருடத்தில் சில நாட்கள் கட்டாயம் தொடர்ச்சியாக விடுப்பில் போக வேண்டும் என்று வைத்திருப்பது இதற்காகத்தான். லீவே எடுக்காத ஊழியரைப் பாராட்டி மாலை போடுவதற்கு முன்னால் அவருடைய மேஜையை வேறொருவர் ஒரு வாரம் பார்க்கட்டும்.


ஊர்க்குரல்:

பேரேடு ஐயா சொன்னது எல்லாம் சரி, ஆனால் டிக்ஸனைப் பிடித்துக்கொண்டால் விஷயத்தின் இன்னொரு பக்கம் மறைந்துபோகும். அங்கே நடந்தது திருட்டு, யார் பார்த்தாலும் திருட்டு என்று தெரியும். தீர்மானம் போட்டு, கையெழுத்து வாங்கி, சட்டப்படி நடப்பதுபோலவே நடக்கும் கொள்ளையைத்தான் நான் அதிகம் பயப்படுவேன். பெல் நகரத்தைப் பாருங்கள்.

லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் சுமார் 35,000 பேர் நெருக்கியடித்து வாழும் ஏழை நகரம் பெல். 2010 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் ஒரு செய்தி போட்டது. அந்த நகரத்தின் நிர்வாக அதிகாரி ராபர்ட் ரிஸ்ஸோவின் வருடச் சம்பளம் 7,87,637 டாலர். அமெரிக்க அதிபரின் சம்பளமே 4 லட்சம்தான். போலீஸ் தலைவருக்கு 4,57,000. பகுதி நேரக் கவுன்சிலர்களில் பெரும்பாலோருக்கு வருடத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு லட்சம். அந்த அளவு நகரத்துக் கவுன்சிலருக்கு மாநிலச் சட்டம் அனுமதிப்பது மாதத்துக்குச் சில நூறு டாலர்கள்தான்.

எப்படி முடிந்தது? 2005 நவம்பரில் ஒரு சிறப்புத் தேர்தல் வைத்தார்கள். நகரத்துக்குத் தனிச் சாசனம், அதாவது நிர்வாக விதிகளை நகரமே வகுத்துக்கொள்ளும் அடிப்படைச் சட்டம், வேண்டுமா வேண்டாமா என்ற ஒரே கேள்வி. அந்தச் சாசனம் வந்தால் கவுன்சிலர் சம்பளத்துக்கு மாநிலம் வைத்த உச்சவரம்பு நகரத்தைக் கட்டுப்படுத்தாது என்பதை வாக்குச் சீட்டில் யாரும் சொல்லவில்லை. அந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டவர்கள் 400 பேர்கூட இல்லை! அவ்வளவு பேர் போட்ட ஓட்டில் ஒரு நகரத்தின் கஜானாக் கதவு திறந்துவிட்டது. அதற்கப்புறம் கவுன்சிலர்கள் தங்களையே இந்த வாரியம் அந்த ஆணையம் என்று பலவற்றில் உறுப்பினராக்கிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் தனியாகச் சம்பளம் வாங்கினார்கள். அந்தக் கூட்டங்களில் சில, தொடங்கிய சில நிமிடத்திலேயே முடிந்திருக்கின்றன. இன்னொரு பக்கம், மக்களிடம் வாங்கிய சொத்துவரி விகிதம் அந்த மாவட்டத்திலேயே மிக அதிகமான விகிதங்களில் ஒன்று.

தெருவிளக்கு கேட்ட இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஓட்டு மருந்தா? பெல் மக்களுக்கு விஷயம் தெரிந்த பிறகு ஓட்டு மருந்தாகத்தான் இருந்தது. கூட்டத்துக்கு ஆளே வராத அந்த ஊரில் நூற்றுக்கணக்கானவர்கள் வந்து நின்றார்கள், ஒரு சங்கம் கட்டினார்கள், கையெழுத்து வாங்கினார்கள், 2011 மார்ச்சில் பழைய கவுன்சிலை ஓட்டுப் போட்டே பதவியிலிருந்து நீக்கி வீட்டுக்கு அனுப்பினார்கள். ரிஸ்ஸோவுக்கு 2014ல் 12 வருடச் சிறை. ஐந்து முன்னாள் கவுன்சிலர்களும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. ஆனால் அதே ஓட்டுதான், யாரும் கவனிக்காத ஒரு நாளில், இவ்வளவுக்கும் வழியும் விட்டது. அதனால் ஓட்டா வேறு வழியா என்று கேட்பதை விட, எந்த நாளில் எந்தக் கேள்விக்கு ஓட்டு வைக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பெரிய தேர்தலோடு சேராமல், யாரும் எதிர்பார்க்காத மாதத்தில், ஒரே ஒரு கேள்வியோடு வரும் வாக்கெடுப்பு என்றால் நான் வேலையை விட்டுவிட்டுப் போய் அந்தக் கேள்வியை வரிக்கு வரி படிப்பேன்.


மழைநாள்:

ஊர்க்குரல் அண்ணா, 400 பேர்கூட ஓட்டுப் போடவில்லை என்று நீங்கள் சொல்லும்போது பழி மக்கள் மேல் விழுவதுபோல இருக்கிறது, அது எனக்கு உறுத்துகிறது. அந்த ஊரில் பெரும்பாலோர் குடியேறி வந்த தொழிலாளர்கள், பலருக்குக் குடியுரிமையே இல்லை, ஓட்டும் இல்லை. வேலை முடிந்து களைத்து வருகிறவர் ராத்திரி நகரமன்றக் கூட்டத்தில் போய் உட்கார்ந்து தீர்மானங்களைப் படிக்கவில்லை என்று எப்படிக் குறை சொல்வது?

அந்த வேலையைச் செய்ய ஒரு ஆள் இருந்தார். அவருக்குப் பெயர் நிருபர். முன்பெல்லாம் சின்னப் பத்திரிகையாக இருந்தாலும் ஒருவரைக் கூட்டத்துக்கு அனுப்பிவிடும், அவர் தூக்கம் வந்தாலும் கடைசி வரை உட்கார்ந்திருப்பார். பெல் விவகாரம் வெளியே வந்ததே பாதி தற்செயல். நிருபர்கள் பக்கத்திலிருந்த மேவுட் என்ற நகரத்தின் பணத்தட்டுப்பாட்டை விசாரிக்கப் போனார்கள், அங்கே பேசிக்கொண்டிருந்தபோதுதான் பெல் கவுன்சிலர்களின் சம்பளத்தை அரசு வழக்கறிஞர் அலுவலகம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது. மேவுடுக்குப் போகாமல் இருந்திருந்தால்? 2011ல் அந்தச் செய்திகளுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது, சந்தோஷம்தான், ஆனால் ஐந்து வருடம் அந்த ஊருக்கென்று ஒரு நிருபர் இல்லாமல் இருந்ததன் விலையை அந்த மக்கள்தான் கொடுத்தார்கள்.

இதில் பண நஷ்டத்தையும் அளந்திருக்கிறார்கள். உள்ளூர்ப் பத்திரிகை மூடப்பட்ட மாவட்டங்களில் உள்ளாட்சி அமைப்புகள் கடன் வாங்கும்போது கொடுக்கும் வட்டி கூடுகிறது என்று 2020ல் வந்த ஒரு ஆய்வு காட்டியது. கடன் கொடுக்கிறவனுக்குத் தெரிகிறது, இந்த ஊரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று.


தெருவிளக்கு:

மூன்று பேருக்கும் நன்றி. மழைநாள் சொன்னதைப் படித்ததும் என் கோபம் கொஞ்சம் திசை மாறிவிட்டது. நானே ஒரு தடவைகூட நகரமன்றக் கூட்டத்துக்குப் போனதில்லை, போனால் என்ன புரியும் என்ற தயக்கம்தான். பட்ஜெட் புத்தகத்தை ஒரு முறை திறந்து நான்கு பக்கத்தில் மூடிவிட்டேன்.

பேரேடு ஐயா, கணக்குப் படிக்காத ஒருவர் உட்கார்ந்து பார்ப்பதென்றால் எங்கே ஆரம்பிக்கலாம்? எல்லாவற்றையும் பார்க்க நேரமில்லை, ஒன்றிரண்டு இடம் சொல்லுங்கள்.


பேரேடு:

பட்ஜெட் புத்தகத்தில் ஆரம்பிக்காதீர்கள், அது செலவழிக்கப்போவதாகச் சொல்வது. செலவழித்ததைக் காட்டும் ஆண்டறிக்கையை எடுங்கள். அதில் மூன்று நான்கு வருடத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தத் தலைப்பில் வருடா வருடம் பட்ஜெட்டை விட அதிகம் போகிறது என்று மட்டும் பாருங்கள். டிக்ஸனில் அவர் அதிகமாக எடுத்தது 2008ல், அந்த ஒரு வருடத்தில் மட்டும் 58 லட்சம் டாலர். அந்த நகராட்சியின் மொத்த வருடச் செலவே ஒரு கோடிக்குள்தான். அவ்வளவு பெரிய ஓட்டை எந்தத் தலைப்பின் கீழாவது தெரியாமல் இருக்காது. அடுத்து, ஒரு நிதியிலிருந்து இன்னொரு நிதிக்கு மாற்றியது என்று வரும் வரிகள். எதற்காக மாற்றினார்கள், திரும்பி வந்ததா என்று கேளுங்கள். மாநிலத்திடமிருந்து வரவேண்டிய பணம் தாமதம் என்று யாராவது சொன்னால் அதை நீங்களே சரிபார்க்கலாம். அனுப்பியவரிடமும் ஒரு கணக்கு இருக்கும் இல்லையா, எந்தத் தேதியில் எவ்வளவு அனுப்பினார்கள் என்று. டிக்ஸனில் ஒரு கவுன்சிலர் அதை ஒரு முறை கேட்டிருந்தால் போதும்.

கூட்டத்துக்குப் போனால், பல தீர்மானங்களைக் கட்டாக வைத்து ஒரே குரலில் நிறைவேற்றும் பகுதி ஒன்று வரும். விவாதமே இருக்காது, இரண்டு நிமிடத்தில் போய்விடும். சம்பளம், ஒப்பந்த நீட்டிப்பு மாதிரி விஷயங்கள் அங்கேதான் சத்தமில்லாமல் போகும். அஜெண்டா முன்கூட்டியே கிடைக்கும். கலிபோர்னியாவில் வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்னால் ஒட்டியாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, மற்ற இடங்களிலும் ஏதோ ஒரு விதி இருக்கும். அந்தக் கட்டிலிருந்து ஒரு தீர்மானத்தைத் தனியாக எடுத்துப் பேசச் சொல்லி உங்கள் கவுன்சிலரிடம் முன்தினமே கேளுங்கள்.

ஒரே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். நகராட்சியின் பெயரில் எந்தெந்த வங்கியில் எத்தனை கணக்குகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போடும் உரிமை யாருக்கு என்ற பட்டியலை எழுத்தில் கேளுங்கள். அந்தப் பட்டியலைக் கணக்கு அதிகாரி தயாரித்துத் தரக்கூடாது, வங்கியே நேராகக் கவுன்சிலுக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு தீர்மானம் போட முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். இதில் நகராட்சிக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. டிக்ஸனில் அந்த நகர எழுத்தர் கேட்டதும் இதைத்தான்.


தெருவிளக்கு:

சரி ஐயா. அடுத்த கூட்டத்தின் அஜெண்டாவை இப்போதுதான் எடுத்தேன், அதில் நீங்கள் சொன்ன கட்டில் பதினான்கு தீர்மானங்கள் இருக்கின்றன. இன்று ராத்திரி முழுவதும் படித்துவிட்டு, புரியாததை நாளைக்கு இங்கேயே கேட்கிறேன். கணக்குப் பட்டியலுக்கான கடிதத்தையும் எழுதிவிட்டேன். மழைநாள், நீங்கள் கொஞ்சம் நேரம் ஒதுக்கினால் அனுப்புவதற்கு முன்னால் வாசகத்தை ஒரு தடவை பார்த்துச் சொல்ல முடியுமா?