நூல்பிடிப்பு: மரவேலை எந்திரத்தின் மேசைக்கும் அணைகோலுக்கும்

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

வணக்கம். நம் மரவேலை எந்திரக் கையேட்டைத் தமிழில் எழுதுவதற்காகச் சொல் தேடுகிறோம். எந்திரத்தின் பாகங்களை ஒன்றுக்கொன்று நேராகப் பொருத்துகிற ‘அலைன்மெண்ட்’டுக்குச் ‘சீரமைப்பு’ போதும் என்று ஈப்போ ஐயா எழுதியதையும், ‘ஒழுங்கமைவு’ இன்னும் பொருத்தம் என்று பினாங்கிலிருந்து அக்கா எழுதியதையும் படித்தேன். எனக்கு இரண்டிலும் மனம் ஒட்டவில்லை. ஏன் என்பதை எந்திரத்தை வைத்தே சொல்கிறேன். நம் கையேட்டைக் கையில் எடுக்கப் போகிறவர்கள் செந்தூலிலும் பத்துமலைப் பக்கமும் சிறு பட்டறை வைத்திருக்கிற பிள்ளைகள். தொழிற்கல்லூரியில் மலாயில் படித்து, ரம்பத்தைக் ‘கெர்காஜி’ என்று பழகி, வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். சொல்லைப் படித்ததும் கை எங்கே போக வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

நாம் பேசுவது ஷாப்ஸ்மித் வகை எந்திரம். ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் என்பவர் அமெரிக்காவில் உருவாக்கி 1947இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஒரே மோட்டார், ஒரே சுழல்தண்டு. அதில் வட்ட ரம்பம் மாட்டினால் அறுக்கலாம், தட்டு மாட்டி மணல்தாள் ஒட்டினால் தேய்க்கலாம், கடைசல் வேலையும் ஆகும். படுக்கை வாட்டத்தில் துளை போடலாம். எந்திரத்தையே தூக்கி நிமிர்த்தினால் மேலிருந்து கீழாகவும் துளை போடலாம். நமக்கு இதில் முக்கியமானது ஒன்றுதான். சாதாரண மேசை ரம்பத்தில் சாய்த்து அறுக்க ரம்பத்தைச் சாய்ப்பார்கள். இங்கே ரம்பம் நிமிர்ந்தே நிற்கும், மேசைதான் சாயும். வேலைக்கு வேலை மேசை ஏறும், இறங்கும், சாயும், சில சமயம் கழன்றே வரும். ஆகவே ரம்பத்துக்கும் மேசைக்கும் உள்ள உறவை அடிக்கடி சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

‘சீரமைப்பு’ என்றதும் நமக்கு என்ன நினைவுக்கு வருகிறது? சாலைச் சீரமைப்பு, கோயில் சீரமைப்பு. கெட்டுப்போனதைப் பழுதுபார்ப்பது. இது பழுது அல்ல, வேலைக்கு முன் செய்கிற ஆயத்தம். ‘ஒழுங்கமைவு’ அலமாரியில் கருவிகளை அடுக்கி வைப்பதற்கும் பொருந்தும். இரண்டு சொல்லுமே எதற்கு எது நேராக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. என் வருத்தம் அதில்தான்.

ஏனென்றால் அலைன்மெண்ட் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இங்கே மூன்று வேலை ஒளிந்திருக்கிறது. முதலாவது, பெரிய மேசையும் பக்க மேசையும் ஒரே தளத்தில் இருப்பது. மேலே மட்டப்பலகையை வைத்துப் பார்த்தால் எங்கும் வெளிச்சம் கசியக் கூடாது. இரண்டாவது, ரம்பம் மேசைக்குச் செங்குத்தாக நிற்பது. இதற்கு மூலைமட்டம் போதும், ஆனால் எனக்கு நம்பிக்கையான சோதனை வேறு. ஒரு பலகையைக் குறுக்கே அறுத்து, ஒரு துண்டை மட்டும் புரட்டிப் போட்டு, அறுத்த முகங்கள் இரண்டையும் மேசைமேல் சேர்த்துப் பார்ப்பது. பிழை இருந்தால் இரட்டிப்பாகி மேலேயோ கீழேயோ சந்தாகத் தெரியும். கண் ஏமாறாது.

மூன்றாவதுதான் உயிர்நாடி: ரம்பம் மேசைக் காடிக்கு, அதாவது மேசையில் நீளவாக்கில் ஓடும் பள்ளத்துக்கு, இணையாக இருப்பது. முதலில் மின்சாரத்தைத் துண்டித்துவிட வேண்டும். ரம்பத்தின் ஒரு பல்லில் மையால் குறி போட வேண்டும். காடியில் ஓடுகிற கட்டையில் ஒரு மரத்துண்டை இறுக்கி, அதன் முனையில் ஒரு திருகாணியை ஏற்றி, முன்பக்கத்தில் அந்தக் குறிபோட்ட பல்லை மட்டுமாகத் தொடும்படி வைக்க வேண்டும். பல்லை லேசாக முன்னும் பின்னும் ஆட்டினால் திருகாணியில் மெல்லிய ஒரு ‘சிக்’ கேட்கும். அப்புறம் அதே பல்லைப் பின்பக்கம் வரும்படி ரம்பத்தைச் சுழற்றி, கட்டையையும் காடியோடு பின்னால் தள்ளி, அதே சத்தம் வருகிறதா என்று கேட்க வேண்டும். வேறு பல்லை வைத்து அளந்தால் ரம்பத் தகட்டின் நெளிவும் கணக்கில் சேர்ந்துவிடும், அதனால்தான் அதே பல். பின்னால் சத்தமே இல்லை என்றால் சந்து இருக்கிறது, சந்தை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை விட்டுப் பார்க்க வேண்டியதுதான். திருகாணி பல்லில் முட்டி மாட்டிக்கொண்டால் மறுபக்கம் திரும்பியிருக்கிறது. மேசையைத் தாங்கும் அடிப்பிடிகளின் போல்ட்டுகளைத் தளர்த்தி, மேசையை மெல்லத் தட்டித் திருப்பி, மறுபடி இறுக்கி, மறுபடி கேட்க வேண்டும். இறுக்கும்போதே கொஞ்சம் நகர்ந்துவிடும், பொறுமை வேண்டும். பொதுவாக முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்குக்குள் வந்தால் போதும் என்பார்கள். அதாவது சுமார் 0.13 மில்லிமீட்டர், நகலெடுக்கும் தாள் ஒன்றின் தடிமனைவிடச் சற்றே கூட.

இந்த மூன்றுக்கும் நம் ஆசாரிகளிடமும் கொத்தனார்களிடமும் ஏற்கனவே சொல் இருக்கிறது. மட்டம், மூலை, நூல். தளம் பார்த்தால் ‘மட்டம் பிடி’ என்கிறார்கள், தொண்ணூறு பாகையென்றால் ‘மூலை பிடி’. நேர்கோட்டுக்கு ‘நூல் பிடி’. நூல் பிடித்தாற்போல் என்று நாம் அன்றாடம் சொல்கிறோமே, அதுதான். ஆகவே என் முன்மொழிவு: பொதுச்சொல்லாக நூல்பிடிப்பு. அதன் கீழே மட்டம் பிடிப்பு, மூலை பிடிப்பு, இணை பிடிப்பு என்று மூன்று. கடைசிச் சொல்லில் வரும் ‘இணை’ நம் தமிழ்ப்பள்ளிக் கணிதப் பாடத்தில் இணைகோடு படித்த எல்லாருக்கும் தெரியும். ‘மேசையை அலைன் செய்க’ என்ற வரி ‘காடியை ரம்பத்துக்கு இணை பிடிக்கவும்’ என்று மாறினால், என்ன செய்ய வேண்டும் என்பது வரியிலேயே வந்துவிடுகிறது.

எந்திரத்தில் நூலே இல்லையே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். சொல் தொழிலோடு சேர்ந்து வளரும், கருவி மாறினாலும் செயல் அதேதான் என்பது என் பதில். இதைவிடக் கடினமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது: தச்சு வழக்கில் நூல் என்பது ஓர் அளவும்கூட. எட்டு நூல் ஓர் அங்குலம், ஒரு நூல் மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். ‘ஒரு நூல் தள்ளு’ என்கிற ஊரில் ‘நூல் பிடி’ குழப்புமா? நான் குழப்பாது என்றே நினைக்கிறேன். அளவாக வரும்போது முன்னால் எண் வரும், செயலாக வரும்போது பின்னால் ‘பிடி’ வரும். ஆனாலும் கையேட்டில் அளவுகளை மில்லிமீட்டரில் மட்டும் கொடுப்பது நல்லது.

இனி ‘ஃபென்ஸ்’, அறுக்கும்போது மரத்தை ஒட்டித் தள்ளுவதற்காக மேசைமேல் பொருத்துகிற நீளமான சட்டம். ‘வேலி’ வேண்டவே வேண்டாம். மலாயில் ‘பாகார்’ என்பது வேலிதான் என்று சிலர் எழுதினீர்கள், ஆனால் தமிழில் வேலி என்பது உள்ளே வராமல் தடுப்பது. இதுவோ மரத்தைத் தன்மேல் அணைத்து நேராக அனுப்புவது. யாழ்ப்பாணத்து அண்ணன் சொன்ன ‘அணைச்சட்டம்’ கருத்தளவில் மிகச் சரி. ஆனால் ‘ச்’ வந்ததும் அணைக்கட்டுக்கு இயற்றிய சட்டம் போல் ஒலிக்கிறது. வினைத்தொகையாக ‘அணைசட்டம்’ என்றாலும் படிப்பவர் தாமாக ஒற்றைச் சேர்த்துவிடுவார். நான் அணைகோல் என்கிறேன். தச்சருடைய முழக்கோல் இருக்கிறதல்லவா, அந்தக் கோல். நேராக இருப்பதே அதன் வேலை.

அணைகோல் நகர்கிற ‘ரெயில்’ அடுத்தது. செந்தூலில் ரயில்வே பட்டறையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தண்டவாளம் ஒன்றே ஒன்றுதான், அதை இங்கே இழுக்க வேண்டாம். ‘நகர்சட்டம்’ என்றால் நகர்கிற சட்டம் என்று ஆகிவிடும், இது நகராதது. தாங்குசட்டம் சரியாக இருக்கும், அணைகோலைத் தாங்குவதால். மேசையின் முன்னே ஒன்று, பின்னே ஒன்று. இவற்றையும் மட்டம் பிடிக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் அணைகோல் மேசையை உரசும், உயர்ந்திருந்தால் அடியில் சந்து விழுந்து மெல்லிய பலகை நுழைந்துகொள்ளும். பக்க மேசையின் தாங்குசட்டமும் பெரிய மேசையினுடையதும் ஒரே நேரில் இல்லாவிட்டால் அணைகோல் இணைப்பில் முட்டி நிற்கும்.

கையேட்டில் வரிசையை மாற்றிவிடாதீர்கள்: முதலில் காடி ரம்பத்துக்கு இணை, அதன் பிறகே அணைகோல் காடிக்கு இணை. அணைகோலின் பின்முனை ரம்பத்தை நோக்கி நெருங்கியிருந்தால் மரம் நடுவில் நெருக்கப்படும். ரப்பர் மரமானால் அறுத்த முகம் கருகும். அதைவிட மோசம், துண்டு எகிறி அறுப்பவரையே வந்து தாக்கும். இந்த வரிக்கு மட்டும் தடித்த எழுத்து வேண்டும்.

அந்த நெருக்கலைத் தவிர்க்கச் சிலர் அணைகோலின் பின்முனையை வேண்டுமென்றே மயிரிழை அளவு விரித்து வைப்பார்கள். சிலர் துல்லியமாக இணையாகவே வைப்பார்கள். இரண்டும் வழக்கில் இருக்கிறது. அந்த விரிப்புக்கு எனக்கு இன்னும் நல்ல சொல் அகப்படவில்லை. ‘பின்விரிவு’ என்று எழுதிப் பார்த்தேன், மேசையின் பின்பக்க நீட்டிப்பு என்று பொருள்படுகிறது. ஜெலுத்தோங் பக்கம் பழைய மரப்பட்டறைக்காரர்களைத் தெரிந்தவர்கள் யாராவது, அவர்கள் வாயில் இதற்கு என்ன சொல் புழங்குகிறது என்று கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
கோலாலம்பூரிலிருந்து