தையல் கத்துக்கிட்டாச்சு, காசு எப்போ வரும்? – வடசென்னை அனுபவங்கள்

கொடுங்கையூர் டீச்சர்:
எங்க ஏரியாவுல இலவச தையல் வகுப்பு எடுக்கிறேன். வர்றவங்கள்ல பாதிப் பேர் வீட்டு வேலை முடிச்சிட்டு மதியம் ஓடி வர்றவங்க. முதல் நாளே எல்லாரும் கேக்கிறது ப்ளவுஸ். நான் தர்றது பழைய பேப்பர். ஊசியில நூல் கோக்காம, பேப்பர்ல போட்ட கோட்டு மேலயே மிதிச்சு ஓட்டணும். சக்கரம் பின்னால சுத்தாம, ஓட்டை வரிசை கோட்டை விட்டு விலகாம வந்தாத்தான் துணி. இதுலயே சலிச்சுப்போய் நின்னவங்களும் உண்டு.

ப்ளவுஸைக் கடைசியிலதான் வெப்பேன். கிராஸ் கட்டிங் (துணியைச் சாய்வா வெட்டுறது), டார்ட் (உடம்பு வளைவுக்குப் பிடிக்கிற மடிப்பு), கைக்குழி (கை சேர்ற இடம்) இதுல கால் இஞ்ச் தப்பினா அடுத்தவங்க துணி பாழ். அப்புறம் அந்தத் தெருவுல யாரும் துணி தர மாட்டாங்க. அதனால முதல்ல ஆல்டரேஷன். நமக்குத்தான் பக்கத்துலயே வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைங்க இருக்கே! அங்க வாங்குற சுடிதார் டாப் நிறையத்துல கைத்துணி தனியா உள்ளே மடிச்சு இருக்கும். அதை வெச்சுத் தரணும், பக்கத்துல பிடிக்கணும், பேன்ட் உயரம் குறைக்கணும். தீபாவளி, ரம்ஜான், கிறிஸ்துமஸ்னு வேலை வந்துட்டே இருக்கும். புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கிறதும் அப்படித்தான். காட்டன் ஃபால்ஸை மட்டும் முன்னாடியே நனைச்சுக் காயவெச்சிடுங்க, இல்லேன்னா முதல் துவைப்புலயே அது சுருங்கி புடவைக் கரையை இழுத்துடும்.

இதைவிடக் கஷ்டம் காசு கேக்கிறது. ஒரு பொண்ணுக்குக் கை சுத்தம், வேலை அவ்ளோ அழகு. ஆனா "பக்கத்து வீட்டு அக்காகிட்ட எப்படி டீச்சர் கேக்கிறது?"ன்னு ஓசியிலயே தெச்சுட்டு இருந்தா. ரேட்டை அட்டையில எழுதி மிஷினுக்கு மேல மாட்டச் சொன்னேன். அந்த அக்கா பாத்துட்டு, "எனக்குமாடி?"ன்னு கேட்டாங்களாம். "டீச்சர் திட்டுவாங்கக்கா"ன்னு பழியை என் மேல போட்டுட்டா. போடட்டும்.

வியாசர்பாடியிலிருந்து:
நான் நைட்டி பீஸ் ரேட்டுக்கு அடிச்சவ. வெட்டின துணியைக் கட்டா கொண்டாந்து போடுவாங்க, நூல் நம்மது, கரண்ட் நம்மது. காசு மட்டும் அடுத்த வாரம், அதுக்கடுத்த வாரம். இப்போ ஆல்டரேஷன் மட்டும்தான், கைமேல காசு.

மிஷின் வாங்க வழியில்லாதவங்க சமூக நலத்துறையோட சத்தியவாணி முத்து அம்மையார் திட்டத்துல கேட்டுப் பாருங்க, இலவசம். வயசு 20லேருந்து 40க்குள்ள இருக்கணும். வருமானச் சான்றோட தையல் தெரியும்ங்கிற சான்றும் கேப்பாங்க. அதனால வகுப்புல சேரும்போதே சர்டிபிகேட் தருவீங்களான்னு கேட்டுக்கங்க.

இன்னொண்ணு, நம்ம தாழ்வான பகுதிக்காரங்களுக்கு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் தண்ணி வீட்டுக்குள்ள வந்தப்போ மிஷின் மோட்டாரைக் கழட்டிப் பரண்ல வெச்சுட்டோம். மிஷின் தலையும் தப்பிச்சுது. ஆனா மிஷின் மேஜையோட மரப்பலகை ஊறி உப்பி, இணைப்பு விட்டுப்போச்சு. மழைக்காலத்துக்கு முன்னாடியே மிஷின் கால் நாலுக்கும் கீழ செங்கல் வெச்சுடுங்க.

ராயபுரம்:
மகளிர் தையல் கூட்டுறவு சங்கம் பத்தி யாரும் சொல்லலையே? சத்துணவு சாப்பிடுற பிள்ளைங்களோட சீருடையை அவங்கதான் தைக்கிறாங்க. எங்க அண்ணி உறுப்பினர். பீஸுக்கு இவ்ளோன்னு கூலி, வருஷம் பூராவும் வேலை இருக்காது, ஆனா சேட்டுக்கும் ஏஜென்டுக்கும் பின்னாடி அலைய வேண்டாம். விவரம் ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸ்ல, சமூக நலப் பிரிவுல கேக்கலாம். ஆதார், ரேஷன் கார்டு ஜெராக்ஸ் கையோட எடுத்துட்டுப் போங்க.

கொடுங்கையூர் டீச்சர்:
@ராயபுரம் நல்லதுங்க. எங்க வகுப்புல ரெண்டு பேரைத் திங்கட்கிழமை அனுப்புறேன், உங்க அண்ணிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க.