தொட்டிக் கறிவேப்பிலை மஞ்சளாகிறது, காப்பாற்ற வழி சொல்லுங்கள்

கேள்வி:
சென்னையில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். தேனியில் அம்மா வீட்டுக் கொல்லை மரத்தடியில் முளைத்த பக்கக்கன்றை வேரோடு கொண்டுவந்து, ஒன்றரை வருடமாகத் தொட்டியில் வளர்க்கிறேன். இடுப்பளவு வந்துவிட்டது. ஒரு மாதமாகக் கொழுந்துகள் வெளிறுகின்றன. இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. ஊரில் சொன்னபடி வாரம் இருமுறை புளித்த மோர் ஊற்றியும் மோசமாகத்தான் ஆகிறது. அம்மா இப்போது இல்லை. இந்தச் செடியை இழக்க எனக்கு மனமில்லை.

பதில்:
சகோதரி, கொழுந்தில் நரம்பு பச்சையாக நின்று மற்ற இடம் மஞ்சளானால், பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருந்தாலும், உப்புத் தண்ணீரோ நீர் தேங்கிய வேரோ அதை எடுக்க விடாது. என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? தொட்டிக்கு அடியில் தட்டு இருக்கிறதா? விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள்.

கேட்டவர்:
போர் தண்ணீர்தான், வாளியெல்லாம் வெள்ளைப் படிவம். கீழ்வீட்டுப் பால்கனியில் ஒழுகும் என்று தட்டும் வைத்திருக்கிறேன். விரலை விட்டால் களிபோல ஒட்டுகிறது, அழுகல் வாடையும் வருகிறது.

பதில்:
அப்படியானால் மோரை இன்றே நிறுத்துங்கள். நீர் வடியாத மண்ணில் மோரும் சேர்ந்து அழுகும். தொட்டியை இரண்டு செங்கல் மீது ஏற்றி, அடித்துளையைக் குச்சியால் குத்தி விடுங்கள். தட்டில் வடியும் நீரை உடனே கொட்டிவிடுங்கள். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர். மழைநீர் பிடிக்க முடிந்தால் அதுவே மருந்து. ஆர்.ஓ. கழிவுநீர் மட்டும் வேண்டாம், அதில் உப்பு இன்னும் கூடுதல். செடி தேறியபின், ஒரு பங்கு மோருக்குப் பத்துப் பங்கு நீர் கலந்து மாதம் ஒருமுறை ஊற்றலாம்.

இன்னொருவர்:
தங்கச்சி, தேறும்வரை ஓர் இலைகூடப் பறிக்காதே. பிறகும் இலையை உருவாதே, நுனியோடு கிள்ளு. கிள்ளிய இடத்துக்குக் கீழே பக்கக்கிளை வெடிக்கும். உருவி உருவித்தான் பல வீடுகளில் செடி ஒற்றைக் குச்சியாக நிற்கிறது.

கேட்டவர் (மூன்று வாரம் கழித்து):
அடித்துளையை வேர் அடைத்திருந்தது. குத்தியதும் கறுப்புத் தண்ணீர் அரைக் குவளை வடிந்தது. மஞ்சளான இலைகள் அப்படியே இருக்கின்றன, ஆனால் உச்சியில் புதிதாக இரண்டு கொழுந்து, நல்ல பச்சையாக. கசக்கிப் பார்க்கக்கூட மனம் வரவில்லை, குனிந்து முகர்ந்து பார்த்தேன். ரசத்துக்குக் கடைக் கறிவேப்பிலைதான் வாங்குகிறேன். அடுத்து பெரிய தொட்டிக்கு மாற்ற வேண்டும், அதற்கு எந்த மாதம் நல்லது?