செங்குத்து மவுஸுக்குக் கை பழகிய கதை

கல்லடியில் ஓர் அச்சகத்தில் பதினொரு வருடமாகப் பக்க வடிவமைப்பு செய்கிறேன். கலியாணக் காட், கோயில் திருவிழா நோட்டீஸ், 31ஆம் நாள் நினைவுமலர் என்று நாள் முழுக்கக் கை மவுஸில்தான் இருக்கும். போன வருடக் கடைசியில் வலது பெருவிரலும் நடுவிரலும் இரவில் மரத்துப்போகத் தொடங்கின. மணிக்கட்டுக்குள்ளால் போகும் நரம்பு நெருக்குப்படுகிறது, கை வைக்கும் விதத்தை மாற்றுங்கள் என்றார் டொக்டர்.

கொழும்பில் இருக்கும் மச்சான் செங்குத்து மவுஸ் ஒன்று வாங்கி இரவு பஸ்ஸில் அனுப்பிவிட்டார். கைகுலுக்க நீட்டுவதுபோல் பிடிப்பது இது. உள்ளங்கையைக் கவிழ்க்கும்போது முன்கையின் 2 எலும்புகளும் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும். இதில் அந்த முறுக்கு குறைவு.

ஆனால் முதல் கிழமை சரியான கஷ்டம். சாதாரண மவுஸில் கிளிக் கீழ்நோக்கி அமுங்கும், மேசை தாங்கிக்கொள்ளும். இதில் விரல் பக்கவாட்டில் அமுக்குவதால் மவுஸே நகர்ந்து, திரையில் குறி விலகிவிடுகிறது. அந்த நேரம் பார்த்து ஓர் அம்மாவின் நினைவுமலர் வந்தது. படத்தில் தலைமுடி ஓரத்தைப் பின்னணியிலிருந்து வெட்டி எடுக்க வேண்டும், கோடு அலைகிறது. மகள் பக்கத்துக் கதிரையில் பார்த்துக்கொண்டு இருக்கிறார். அந்த முகத்தில் பிழை விடக் கூடாதென்று பழைய மவுஸைச் செருகித்தான் முடித்தேன். அவசர வேலையில் வைத்துப் பழக வேண்டாம் என்றே மற்றவர்களுக்கும் சொல்வேன்.

எங்கள் மெஷின் அண்ணன் முந்திப் பெயர்ப்பலகை எழுதியவர். நான் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, "மணிக்கட்ட ஆட்டாத தம்பி, முழங்கையால கொண்டு போ. மறுகா தானா வரும்" என்றார். பிறஷ் பிடித்த கை அல்லவா, அது சொன்னது சரியாக இருந்தது. அப்புறம் பெருவிரலை எதிர்ப்பக்கம் லேசாக அண்டை கொடுத்துக்கொண்டு கிளிக் பண்ணினேன். விண்டோஸில் குறியின் வேகத்தைக் குறைத்து, கை வேகமாகப் போனால் குறி இன்னும் அதிகமாகப் பாயும் தெரிவையும் நிறுத்தினேன். மூன்றாம் கிழமை முடி ஓரத்தை இதிலேயே வெட்டினேன்.

இரவு மரப்பு முழுதாகப் போகவில்லை. எழும்பிக் கையை உதறும் நாட்கள் குறைந்திருக்கின்றன, அதுவே எனக்குப் பெரிய ஆறுதல்.

வாங்க நினைப்பவர்கள் ஒருதரம் கையில் பிடித்துப் பாருங்கள். என் மனைவியின் கைக்கு இது பெரிது, விரல் மேலே உருட்டும் சில்லுக்கு எட்டவில்லை. இடக்கைக்காரர் இடக்கைக்கென்றே செய்ததைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.