வெயிலில் பால் குறைந்தால் அடர் தீவனத்தைக் கூட்டலாமா?

பவானிக்கரை:
வணக்கம். எங்களிடம் நான்கு எச்.எஃப். (ஹோல்ஸ்டீன்) கலப்பின மாடுகள். கத்திரி வெயில் தொடங்கியதும் ஒரு மாடு 14 லிட்டரிலிருந்து 10க்கு இறங்கிவிட்டது. மதியம் மூச்சிரைக்கிறது, எச்சில் ஒழுகுகிறது, அசை போடுவது குறைந்திருக்கிறது, சாணி இளகிப் போகிறது. சோளத்தட்டைத் தொடுவதில்லை, அடர் தீவனம் (தவிடு, புண்ணாக்கு, தானியக் கலவை) வைத்தால் மட்டும் தின்கிறது. "தீனி குறைந்ததால்தான் பால் குறையுது, ஒரு கிலோ கூட்டிப் போடுங்க" என்கிறார் தீவனக் கடைக்காரர். கூட்டலாமா?

மேட்டுக்காடு:
கூரை சிமெண்ட் ஷீட்டா? மேலே தென்னங்கீற்று போடுங்க. தண்ணீர்த் தொட்டி வெயிலில் இருந்தால் முதலில் அதை நிழலுக்கு மாத்துங்க. சுடுதண்ணியை மாடு எப்படிக் குடிக்கும்?

கால்நடை மாணவி:
கூட்டாதீர்கள் அண்ணா. நான் கால்நடை உணவியலில் ஆராய்ச்சி செய்கிறேன். என் படிப்பே இந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

கடைக்காரர் சொல்வதைத்தான் ஆராய்ச்சியாளர்களும் ரொம்ப காலம் நம்பினார்கள். அரிசோனா பல்கலைக்கழகத்தில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். சூடான அறையில் நிற்கும் ஹோல்ஸ்டீன் மாடு எவ்வளவு தின்றதோ, அதே அளவை மட்டும் இதமான சூட்டில் நிற்கும் மாட்டுக்கும் கொடுத்தார்கள். தீனி சமம், ஆனாலும் சூட்டில் நின்ற மாட்டுக்குப் பால் கூடுதலாகச் சரிந்தது. 2009இல் வெளியான கணக்குப்படி, பால் இழப்பில் சுமார் 35 சதவீதத்துக்குத்தான் தீனிக் குறைவு காரணம்.

மீதியில் பெரும்பங்கு குடல் சம்பந்தப்பட்டது என்பது அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் லான்ஸ் பாம்கார்ட் குழுவின் வாதம். சூட்டை வெளியேற்ற உடம்பு ரத்தத்தைத் தோலுக்குத் திருப்பிவிடுகிறது. குடலுக்கு ரத்தமும் பிராணவாயுவும் குறைய, குடல் சுவரின் செல்களை இணைக்கும் பிடிப்பு தளர்கிறது. குடலில் இருக்கும் பாக்டீரியாக்களின் நச்சு அந்த வழியாக ரத்தத்துக்குள் கசிகிறது. உடனே நோய் எதிர்ப்பு செல்கள் வேலையில் இறங்குகின்றன, அவற்றுக்கு எரிபொருள் குளுக்கோஸ். அந்த நச்சைக் கறவை மாடுகளின் ரத்தத்தில் நேரடியாகச் செலுத்தி 2017இல் இந்தக் குழு கணக்கிட்டது: 12 மணி நேரத்தில் ஒரு கிலோவுக்கும் மேல் குளுக்கோஸ் செலவாகியது. மடி லாக்டோஸ் (பாலின் சர்க்கரை) செய்ய வேண்டிய குளுக்கோஸ் அது!

உங்கள் மாட்டில் எனக்குக் கவலை தருவது இளகின சாணியும் ஒழுகும் எச்சிலும்தான். மூச்சிரைக்கும்போது கரியமில வாயு அதிகமாக வெளியேறுகிறது. அதை ஈடுகட்டச் சிறுநீரகம் அமிலத்தை ஆற்றும் உப்பான பைகார்பனேட்டை வெளியே தள்ள, எச்சிலில் அது குறைகிறது. இருக்கிற எச்சிலும் தரையில் போகிறது. வயிற்றின் அமிலத்தை ஆற்ற ஆளில்லாத நேரத்தில் சோளத்தட்டு இல்லாமல் அடர் தீவனம் போட்டால் அமிலம் ஏறும், தளர்ந்த குடல் இன்னும் கெடும்.

ஊர்க்குருவி:
அது ஏசி அறையில் வளர்ந்த அமெரிக்க மாடு. நம் கலப்பின மாட்டுக்குப் பொருந்துமா?

கால்நடை மாணவி:
நல்ல கேள்வி. 35 சதவீதம் என்ற எண்ணை அப்படியே எடுக்க வேண்டாம். ரத்தம் தோலுக்குத் திரும்புவதும் பைகார்பனேட் போவதும் எந்தக் கறவை மாட்டுக்கும் உண்டு. இன்னொன்று, பட்டினியும் தீர்வல்ல. வெயிலே இல்லாமல் தீனியை வழக்கத்தில் 40 சதவீதமாகக் குறைத்தபோதும் குடல் உறிஞ்சிகள் (சத்தை உறிஞ்சும் விரல் போன்ற மடிப்புகள்) குட்டையாகின என்று அதே குழு காட்டியிருக்கிறது.

பவானிக்கரை:
அப்போ தீனி எப்போது வைப்பது? ஃபாகர் (பனிபோல நீர் தூவும் கருவி) வாங்கலாமா?

கால்நடை மாணவி:
சோளத்தட்டைச் சின்னதாக நறுக்கி, பெரும்பகுதியைச் சாயங்காலம் சூடு தணிந்த பிறகும் விடியற்காலையிலும் வையுங்கள். அடர் தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போடுங்கள். பைகார்பனேட்டை ஈடுகட்டச் சமையல் சோடாவும், தாது உப்பும் எவ்வளவு என்று மாட்டைப் பார்க்கும் மருத்துவரிடம் கேளுங்கள், மாட்டின் வியர்வையில் பொட்டாசியம் நிறைய போகும் என்பதையும் சொல்லுங்கள்.

காற்றோட்டம் இல்லாத கொட்டகையில் ஃபாகர் ஈரப்பதத்தைத்தான் ஏற்றும். தோல் வரை நனைய நீர் ஊற்றி, மின்விசிறி போடுங்கள், காய்ந்ததும் மறுபடி. இரவிலும் விடாதீர்கள். நல்ல கறவை மாட்டுக்கு வெப்ப ஈரப்பதக் குறியீடு (சூட்டையும் காற்றின் ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் எண்) 68ஐத் தாண்டினாலே பால் குறையத் தொடங்குகிறது. 26 டிகிரியும் 85 சதவீத ஈரப்பதமும் சேர்ந்தால் அது 77. இரவு பத்து மணிக்கு விலாவைப் பார்த்து மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 60க்கு மேல் என்றால் மாட்டுக்குச் சூடு தணியவில்லை.

மேட்டுக்காடு:
குழாயை ஈரச் சாக்கால் சுத்தி வைங்க, தண்ணி சூடேறாது. நாளைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்க, சாணியையும் காட்டுங்க.