புதுப்பிப்பு: ஈன்ற அல்பாகாவுக்கு ஸ்கேன் எடுத்தாயிற்று

குட்டி ஈன்ற எங்கள் அல்பாகாவை (ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்த, கம்பளி தரும் கால்நடை) மறுபடி எப்போது இணை சேர்க்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். "இரண்டு வாரம் போதும்" என்று சிலர், "ஸ்கேன் பார்க்காமல் வேண்டாம்" என்று சிலர் சொன்னீர்கள். ஸ்கேன் பார்த்துவிட்டோம்.

மலக்குடல் வழியாகப் பார்த்ததில், கருப்பையின் இடது கொம்பு (கருப்பை பிரியும் இரு கிளைகளில் ஒன்று) வலதைவிட இன்னும் தடிப்பாகவே இருந்தது. அல்பாகாவில் கரு ஏறக்குறைய எப்போதும் இடது கொம்பில்தான் வளரும். அதனால் அது பழைய அளவுக்குச் சுருங்க நேரம் எடுக்கும். பொதுவாகச் சுமார் 3 வாரம் ஆகுமாம். உள்ளே திரவம் தேங்கவில்லை, அதுதான் எனக்குப் பெரிய நிம்மதி. தேங்கியிருந்தால் தொற்றா என்று பார்க்க வேண்டியிருக்கும்.

சினைப்பையில் 8 மி.மீ. ஃபாலிக்கிள் (முட்டை வளரும் சிறு திரவப் பை) ஒன்று தெரிந்தது. 7 மி.மீ. தாண்டினாலே முட்டை வெளிவரும் தகுதி வந்துவிடும். ஆனால் மாட்டுக்குத் தானாக முட்டை வெளிவருவதுபோல் அல்பாகாவுக்கு வராது, இணை சேர்ந்தால்தான் வரும். எனவே காத்திருப்பதால் எதுவும் கைநழுவிப் போகாது. ஃபாலிக்கிள்கள் அலை அலையாக வளர்ந்துகொண்டே இருக்கும். சினைப்பை தயாராக இருந்தாலும் கருப்பை தயாரில்லை என்றால் அவசரப்படக் கூடாது என்பதே என் முடிவு.

அடுத்த வாரம் மறுபடி ஸ்கேன். இரு கொம்பும் ஒத்துவந்தால் இணை சேர்ப்போம். தாயும் குட்டியும் நலம்.